‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு வருடங்கள்

வனத்துறையில் புதிதாக வாட்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி நாளன்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எழுந்தேன், வணக்கம் என்றேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் எழுதுவது எனக்குப் பேசுவதைவிட எளிது. எழுதும்போது எதிரில் ஒரு முகம் இருக்காது.

என்னை ‘ஓய்வு பெற்ற வாட்சர்’ என்று அறிமுகம் செய்தார்கள். மரியாதைக்காகச் சொன்னது அது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தினக்கூலி வாட்சருக்கு ஓய்வு என்று தனியாக ஒன்று கிடையாது. அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்பார்கள், அதோடு சரி. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்பதைத்தான் அன்றைக்குச் சொல்ல நினைத்தேன்.

தடம் பார்ப்பது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது எல்லாம் நடக்க நடக்க நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ரோந்துப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, ‘உள்ளே நுழைந்தவர்கள்’ என்று? அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருளர். விருத்தாசலத்துக்கு மேற்கே ஏரிக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. கரண்ட், ரேஷன் கார்டு எல்லாம் வந்துவிட்டது. காலையில் பெண்கள் பாதிப் பேர் டவுனில் பீங்கான் கம்பெனிக்குப் போவார்கள், ஆண்கள் கரும்பு வெட்டவும் முந்திரித் தோப்புக்கும் போவார்கள். இருந்தாலும் குழம்புச் சட்டிக்குள் விழுகிற பொருள் மாதத்தில் பல நாள் காட்டிலிருந்துதான் வரும். கிழங்கு, கீரை, தேன் வரும். வயல் பக்கத்திலிருந்து எலி வரும். எப்போதாவது முயலும் வரும்.

முயல் என்றால் கேஸ். அது எங்கள் ஜனத்துக்கும் தெரியும், ஆபீசுக்கும் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், கிழக்குக் காட்டில் ஒரு காரைப் புதரடியில் முயல் கண்ணி ஒன்றைப் பார்த்தேன். எங்கள் ஆட்களில் ஒவ்வொருவரும் கண்ணிக்கு முடிச்சுப் போடுவது ஒவ்வொரு விதமாக இருக்கும். சட்டை தைத்தது எந்த டெய்லர் என்று தையலைப் பார்த்தே சிலர் சொல்வார்களே, அப்படி. அந்த முடிச்சைப் போட்டது என் மாமனார் மாரி. (இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) எனக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அவர் முன்னால் நான் நின்று பேசியதே கிடையாது. சாப்பிட்டீங்களா மாப்ள என்பார், ம் என்பேன். அதுதான் எங்கள் பேச்சு.

கண்ணியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் எனக்கு மேலே இருந்த வனக்காப்பாளர், அதாவது கார்டு ஐயா, பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“யாராச்சும் உள்ள வந்தாங்களா?”

“இல்லைங்க.”

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கார்டு ஐயாவிடம்தான் நான் தொழில் கற்றேன். கோபக்காரர் இல்லை. ஒரு கேள்வியை இரண்டாவது தடவை கேட்க மாட்டார். அது அவருடைய நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் உளறியிருப்பேன்.

அதன்பின் அதுவே பழக்கமாகிவிட்டது. கண்ணியைப் பார்த்தால் அவிழ்த்து எடுத்து வந்து வீட்டு அடுப்பில் போட்டுவிடுவேன். மாமனாரிடமும் சொல்ல மாட்டேன், கார்டு ஐயாவிடமும் சொல்ல மாட்டேன். கண்ணியை மறைக்கப் போய், மற்றதையும் சேர்த்து மறைத்துவிட்டேன் என்பதுதான் என் தப்பு. பெண்கள் கிழங்கு தோண்ட வந்தாலும் ‘இல்லை’, தேனுக்கு வந்தாலும் ‘இல்லை’, காட்டுக்குள் இருக்கும் எங்கள் கன்னிமார் கல்லுக்குப் பொங்கல் வைக்க முப்பது பேர் வந்த அன்றைக்கும் ‘இல்லை’. ஆமாம் என்று சொன்னால் யார், எத்தனை பேர், எதற்கு என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். இல்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வாய் வராதவனுக்கு அதைப் போல வசதியான வார்த்தை கிடையாது. அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது.

பிறகு, கிழக்குக் காட்டை இயந்திரம் விட்டு உழுது தைலமரம் நடப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் கிழங்குக் கொடி முழுவதும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒரு தடவை ஆழ உழுதுவிட்டால் ஒரு கொடியும் மிஞ்சாது. வன உரிமைச் சட்டத்தின்படி எங்களுக்கு அந்தக் காட்டில் பாத்தியதை உண்டு என்று மனுக் கொடுத்தோம். அதற்கான குழுவுக்குத் தலைவி பொன்னி அக்கா. பீங்கான் கம்பெனியில் அச்சில் மண் ஊற்றுகிறவர், நாக்கில் உப்புக் காகிதம் கட்டியவர்.

நாற்பது நாள் கழித்து ஆபீசிலிருந்து பதில் வந்தது. பொன்னி அக்கா தபாலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர்க் கூட்டம் கூடியிருந்த வேப்ப மரத்தடிக்கு வந்தார். எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இங்க வா. உன் கையெழுத்தெல்லாம் வந்திருக்குது பாரு. ஒண்ணு ஒண்ணும் முத்து முத்தா போட்டிருக்க.”

பதிவேட்டின் நகல் ஒரு கட்டு இருந்தது. அதோடு ஒரு கடிதம். அந்தப் பகுதியில் பல வருடங்களாக மனித நடமாட்டமே இல்லை என்று ரோந்துப் பதிவேடு காட்டுகிறது, பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவரே, ஆகவே மனுவை ஏற்க முடியாது என்று அதில் இருந்தது. ஆனாலும் ஒரே ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பார்கள் என்றும் போட்டிருந்தது, அதுதான் கடைசி வாய்ப்பு.

“நாங்க காட்டுக்குப் போறதே இல்லையாம். இவன்தான் சொல்றான்,” என்றார் பொன்னி அக்கா. “நான் மாசத்துல நாலு தபா இவன் எதுக்கால போயிருக்கேன். கிழங்கு வேணுமாடான்னு கேட்டு இவன் கையிலயே குடுத்திருக்கேன். துன்னுட்டுப் போயி, இல்லைன்னு எழுதியிருக்கான்.”

யாரோ சிரித்தார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு தரையைக் கீறிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செல்வி சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. எங்கப்பாவ காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னியா, இல்ல வாயத் தொறந்து பேசணுமேன்னு பொய் சொன்னியா?”

கண்ணியைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“ரெண்டுந்தான்,” என்றேன்.

“எது முன்னாடி?”

நான் சோற்றைப் பிசையத் தொடங்கினேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கும் விட்டுச் செல்ல நினைக்கிறேன். பதிவேட்டில் பொய் எழுதும் நாள் உங்களுக்கும் வரும். யாரையோ காப்பாற்றுகிறோம் என்று அப்போது தோன்றும். கொஞ்சம் நிதானித்து, நம்மையே காப்பாற்றிக்கொள்கிறோமா என்று பாருங்கள்.

நேரில் பார்க்க வந்த நாள் மாசி மாதத்தில் ஒரு காலை வேளை. வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா, எங்கள் ரேஞ்சர், கார்டு ஐயா, ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் பக்கம் பத்துப் பேர். மாமனாரும் வந்திருந்தார். மனுவோடு கொடுத்த வரைபடத்தில் எல்லை, பாதை, ஊற்று எல்லாம் அவர் சொல்லி நாங்கள் வரைந்ததுதான். அந்தக் காட்டில் அவர் கால் படாத இடம் இல்லை. எதற்காகப் பட்டது என்பதைத்தான் சொல்ல முடியாது.

ரேஞ்சர் கிழக்குக் காட்டில் சுற்றிலும் பார்த்தார். புல்லும் சருகும் மூடிக் கிடந்தது.

“வருஷா வருஷம் கெழங்கு தோண்டறோம்னு எழுதியிருக்கீங்க. ஒரு குழிகூடக் காணோமே?”

“தோண்டினா மூட மாட்டாங்களா?” என்றார் பொன்னி அக்கா. “நீங்க பூட்ஸு மாட்டிக்கிட்டுக் கெளம்பும்போது வூட்ட தொறந்து போட்டுட்டா வருவீங்க?”

அதிகாரி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். எங்கள் வழக்கத்தைப் பொன்னி அக்கா அவருக்கு விளக்கினார். கிழங்கை எடுத்துவிட்டுக் கொடியின் தலையை மறுபடியும் குழிக்குள் வைத்து, எடுத்த மண் முழுவதையும் தள்ளி மூடி, மேலே சருகைப் பரப்பிவிடுவோம். இரண்டு மழை போனால் அந்தக் கொடி மறுபடி கிழங்கு விடும். அதுவரை அதை யாரும் தொட மாட்டோம். திறந்த குழியைப் போட்டுவிட்டு வந்தவளைக் கொஞ்ச நாள் மற்றப் பெண்கள் தங்களோடு கூட்டிப் போக மாட்டார்கள்.

“கேக்க நல்லா இருக்குது,” என்றார் ரேஞ்சர். “ஆனா எல்லாத்தையும் மூடிட்டோம்னு சொன்னா நான் எத வெச்சு நம்பறது? இந்தா, உங்க ஆளே கையெழுத்துப் போட்டிருக்காரு.” பதிவேட்டை அதிகாரி அம்மாவிடம் நீட்டினார். அவர் என்னைப் பார்த்தார்.

“இது உங்க கையெழுத்துதானா?”

கார்டு ஐயா எனக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. பதிவேடு பொய் என்றால் அதை எழுதியவரும் மாட்டுவார். பொய் இல்லை என்றால் காடு போய்விடும். இந்த இரண்டையும் எடைபோட எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. எதிரே அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது.

“என்னுதுதாங்க. கையெழுத்து என்னுது. சேதி பொய்யிங்க. நான் பொய் சொன்னேன். ஐயா நான் சொன்னத நம்பி எழுதினாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை. அதிலேயும் கடைசி வாக்கியம் பொய். கார்டு ஐயாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிற அதே மூச்சில் இன்னொன்றைச் சொன்னேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி அம்மா சத்தம் போடவில்லை. “பன்னெண்டு வருஷமா பொய் சொன்னவர் இன்னிக்கு மட்டும் நெசம் சொல்றார்னு நான் எப்படி எடுத்துக்கறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அப்போது பொன்னி அக்கா குனிந்து, ஒரு கொடியடியில் சருகை ஒதுக்கி, ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார்.

“இவன் வாய வுடுங்கம்மா, அது எப்பவுமே ஒதவாது. இந்த மண்ணப் பாருங்க.”

செம்மண்ணில் அரிசிக் குருணை தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் பொடி கலந்திருந்தது.

“இந்த வெள்ளை இன்னான்னு தெரியுதா? எங்க கம்பெனியில அச்சுல ஊத்தற களிமண்ணு. தெனம் முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டுக் கெடக்கறேன், எனக்குத் தெரியாதா? இது மேல இருக்கிற மண்ணு இல்லைங்க. இங்க மேல சிவப்பு, அதுக்கு அடியில மஞ்ச, இடுப்பளவு போனாத்தான் வெள்ளை. அடியில கெடக்கறது தானா ஏறி மேல வராது. எவளோ தோண்டி, மறுபடி மூடியிருந்தாத்தான் இப்படிக் கலக்கும். கலந்தது கலந்ததுதான், எத்தன மழ பேஞ்சாலும் பிரியாது.”

அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வந்தது. “அம்மா, நீங்களே எடம் காட்டுங்க. தோண்டின எடமா, தோண்டாத எடமான்னு நான் முன்னாடியே சொல்றேன். அப்பறம் தோண்டிப் பாருங்க,” என்றேன்.

தெரியாமல் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் நான் பார்த்தும் பார்க்காதது போலத் தாண்டிப்போன குழிகள் அவை. ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.

அதிகாரி அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தானே நடந்துபோய் ஏழு இடத்தில் கல்லை வைத்தார். எங்களில் யாரையும் கூட வர விடவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது தோண்டினது. இது தோண்டாதது. இது தோண்டினது, ரெண்டு வருஷம் இருக்கும். ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரும் கடப்பாரை போட்டார்கள். தோண்டாத இடத்தில் மண் வாழைத் தண்டை வெட்டினாற்போல் சுத்தமாகப் பட்டை பட்டையாக வந்தது. மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், அடியில் வெள்ளை. தோண்டிய இடத்தில் முதல் அடியிலிருந்தே வெள்ளை கலந்து, பொலபொலவென்று வந்தது. ரேஞ்சர் முதல் இரண்டு குழியைத் தள்ளி நின்று பார்த்தார். மூன்றாவதில் அவரே குனிந்து மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

ஆறு சரியாகச் சொன்னேன். ஏழாவதில் தப்பிவிட்டேன். தோண்டாதது என்றேன், வெள்ளை கலந்து வந்தது. ரேஞ்சர், “இன்னாய்யா இது?” என்றார்.

பொன்னி அக்கா குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அது என் மாமியா தோண்டினதுடா. நீ அப்ப டவுசரு போட்டுக்கிட்டுத் திரிஞ்ச. உனக்கு எப்படித் தெரியும்?”

அதிகாரி அம்மா அதை மட்டும் இரண்டு வரியில் எழுதிக்கொண்டார். நான் சரியாகச் சொன்ன ஆறைவிட, தப்பாகச் சொன்ன அந்த ஒன்றுதான் எங்களுக்கு அதிகம் உதவியது என்று பிறகு புரிந்தது. எனக்கே தெரியாத பழைய காலத்திலிருந்து எங்கள் ஜனம் அங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதானே சாட்சி.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, எங்கள் பக்கம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் காட்டில் என்ன செய்வார்கள் என்று அதிகாரி அம்மா கேட்டு எழுதினார். ஒருத்தி கீரை என்றாள். ஒருவன் தேன் என்றான். மாமனாரின் முறை வந்தது.

“பெரியவரே, நீங்க?”

எங்கள் ஆட்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வரைபடமே அவருடைய கால் நடந்ததுதான். நாற்பது வருடமாக அந்தக் காட்டில் எந்த முயல் எந்தப் பக்கம் படுக்கும் என்று தெரிந்து வைத்திருக்கும் மனிதர். குட்டி போடுகிற காலத்தில் கண்ணியைத் தொடாத மனிதர். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“நான் பொன்னிக்குக் கடப்பார தூக்கிக்கிட்டு வர்றவனுங்க.”

பின்னால் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அதிகாரி அம்மா ‘உதவியாளர்’ என்று எழுதிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. பொன்னி அக்காவும் சிரிக்கவில்லை.

அறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கார்டு ஐயா கடைசியாகப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், கீழே ஒரு வரி எழுதினார். ரேஞ்சர் எட்டிப் படித்தார்.

“யோவ், இன்னா எழுதற? ஆறு மாசத்துல ரிடையர் ஆவப் போற ஆளு!”

‘இவர்கள் வந்து போவது எனக்கும் தெரியும்’ என்று எழுதியிருந்தார்.

“எனக்கும் கண்ணு இருக்குதுங்களே,” என்றார் கார்டு ஐயா.

திரும்பி வரும் வழியில் அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டியை நிறுத்தினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

“இருபத்தெட்டு வருஷ சர்வீஸு. அத்தன பேருக்கு முன்னால என்னைய குருடனாக்கிட்டியேடா.”

“உங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னுதாங்க…”

“அதான்டா நானும் பன்னெண்டு வருஷமா பண்ணேன்,” என்றார். “உனக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னுதான் மறுபடி கேக்கல.”

அவருக்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், ஓய்வுக் காகிதங்கள் தாமதமாக வந்தன. எனக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. இரண்டு பேருக்குமே அதில் புகார் கிடையாது. பொய்யாகப் பதிவேடு எழுதியவர்களை என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தார்கள்.

ஒரு வருடம் கழித்து உரிமைப் பத்திரம் வந்தது. கிழக்குக் காட்டை உழவில்லை. பொன்னி அக்கா அதே வேப்ப மரத்தடியில் படித்தார். கிழங்கு, தேன், கீரை, மருந்து வேர், விழுந்த விறகு, கன்னிமார் கல்லுக்குப் போகும் பாதை. எல்லாரும் கை தட்டினோம். மாமனார் மட்டும், “இன்னொரு தபா படி,” என்றார். பொன்னி அக்கா மறுபடி முழுக்கப் படித்தார். வேட்டை என்ற வார்த்தை அதில் இல்லை. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. “சரி,” என்று எழுந்து போனார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் ‘கடப்பார மாமா’ என்று பெயர். கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொள்வார்.

காட்டைக் காப்பாற்றிய நாளில்கூட நாங்கள் ஒரு ஆளை மறைத்துத்தான் காப்பாற்றினோம். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இனிமேல் அந்தக் காட்டில் கிழங்கு தோண்ட வருகிறவர்களைக் கிழங்கு தோண்ட வந்தவர்கள் என்றே எழுதுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. கண்ணி என்ன ஆகும்? நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். பார்த்தால் எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதுவதற்கு முன்னால், எழுதப் போகிறோம் என்று அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுதுவதைவிட அது கஷ்டமான வேலை.

உங்களுக்குச் சொல்கிற நான் முதலில் செய்ய வேண்டும் அல்லவா? உங்கள் பயிற்சிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் மாமனார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து, வயல் எலி பிடிக்கிற மூங்கில் கிட்டிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். சாப்பிட்டீங்களா மாப்ள என்றார். ம் என்றேன். அதோடு நிற்கவில்லை.

“மாமா, புதுசா புள்ளைங்க வாட்சரா வர்றாங்க. காட்டுல கண்ணி பார்த்தா எழுதுவாங்க. எழுதணும்னு நான்தான் சொல்லப் போறேன். முன்னாடி உங்க கண்ணிய அவுத்ததெல்லாம் நான்தான். அடுப்புல போட்டுட்டேன்.”

கிட்டியைக் கீழே வைத்தார்.

“இதச் சொல்றதுக்கா மாப்ள உனக்கு இத்தன வருஷம் ஆச்சு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மொத கண்ணிய அவுத்தன்னிக்கே வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு ஏரிப் பக்கம் எலிக்குப் போயிருப்பேன். உன் வேலைக்குக் கேடு பண்ணுவேனா? என் தம்பிதான் கண்ணியத் திருடறான்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேனே. அவன்கிட்டப் பேசியே பத்து வருஷத்துக்கு மேல ஆவுது.”

சின்ன மாமனாரோடு அவருக்குப் பேச்சு இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். இருவரும் நடந்தோம். தம்பி வீடு நாலு வீடு தள்ளித்தான். வாசலுக்குப் போனதும் மாமனார் ஒதுங்கி, எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். கதவு திறந்திருந்தது. சின்ன மாமனார் உள்ளேயிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் பேச வேண்டியவன் நான். பேசினேன்.